கணக்கு சுமாராக வருகிறவர் குவாண்டிட்டி சர்வேயிங் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. கட்டுமானத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசருக்கு உதவியாக இருக்கிறேன். மாதக் கடைசியில் எங்கள் பில்லைச் சரிபார்க்க வரும் குவாண்டிட்டி சர்வேயரை (கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) பார்த்துப் பார்த்து அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் பள்ளியில் எனக்குக் கணக்கு சுமார்தான்; கால்குலஸ் என்றாலே பயம். என்னால் இந்த டிகிரியை முடிக்க முடியுமா? இல்லை, சிவில் இன்ஜினியரிங்கே படித்துவிடுவது நல்லதா? அளவெடுக்கிற வேலையை இனி மென்பொருளே செய்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்வதா, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பதா? வகுப்பு தொடங்கச் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி,

கேள்விகள் நிறைய இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது கணக்கு பயம்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படிப்புக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதியை நீங்கள் பத்தாம் வகுப்புக்குள் படித்தாகிவிட்டது. சுற்றளவு, பரப்பளவு, கன அளவு, சதவீதம், விகிதம், பிதாகரஸ், கொஞ்சம் முக்கோணவியல், கூட்டு வட்டி. கடைசி வருட ஆய்வுக் கட்டுரைக்குக் கொஞ்சம் புள்ளியியல். சில பல்கலைக்கழகங்களில் முதல் வருடம் கணிதத்துக்கென்றே ஒரு தாள் இருக்கும், கட்டமைப்புப் பாடத்தில் பெண்டிங் மொமென்ட் (சுமையால் உத்திரம் வளைவது பற்றிய கணக்கு) எல்லாம் எட்டிப் பார்க்கும். டிப்ளமோ முடித்த உங்களுக்கு அது புதிதில்லை. சேர்க்கைக்குக் கணிதத்தில் இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று விதி வைத்திருந்தால் அது வேறு விஷயம். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இந்தத் துறையின் கணக்கு எந்த மாதிரி என்பதை ஒரு சுவரை வைத்தே காட்டிவிடலாம். வெளிப்புறம் 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஒரு செவ்வகக் கட்டடம். சுவர் 300 மில்லிமீட்டர் தடிமன், 3 மீட்டர் உயரம். கதவு ஜன்னலை இப்போதைக்கு மறந்துவிடுவோம். செங்கல் கட்டு எத்தனை கன மீட்டர்? வெளிச்சுற்றளவு 42 மீட்டர் என்று கண்டுபிடித்து, அதை நேராகத் தடிமனாலும் உயரத்தாலும் பெருக்கி 37.80 என்று எழுதிக்கொண்டு வருகிற மாணவர்கள் நிறையப் பேர். அதில் நான்கு மூலையும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. எடுக்க வேண்டியது சுவரின் நடுக்கோட்டு நீளம். மூலைக்கு ஒரு தடிமன் வீதம் நான்கு தடிமனை, அதாவது 1.2 மீட்டரைக் கழித்தால் 40.8. அதைப் பெருக்கினால் 36.72 கன மீட்டர். ஒரு சின்னக் கட்டடத்தில், ஒரே ஒரு ஐட்டத்தில், ஒரு கன மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

சரி, கட்டடம் எல் வடிவத்தில் இருந்தால்? மூலை ஆறு ஆகிவிடுகிறதே, எத்தனை தடிமன் கழிப்பது? அப்போதும் நான்குதான். வெளியே துருத்தும் மூலை ஐந்து, உள்ளே மடங்கும் மூலை ஒன்று. வெளி மூலையில் அதிகமாகிறது, உள் மூலையில் குறைகிறது. ஒன்றுக்கொன்று கழிந்து மிச்சம் நான்கு. செங்கோண மூலைகளோடு சுற்றி வந்து மூடுகிற சுவர் எத்தனை மடிப்பு மடிந்தாலும் இதே கதைதான். இது புரிந்த அன்றைக்கு ஒரு சந்தோஷம் வரும், பாருங்கள், அந்தச் சந்தோஷம் உங்களுக்கு வருகிறதா என்பதுதான் இந்தப் படிப்புக்கான நல்ல நுழைவுத் தேர்வு. இதில் உள்ள கணக்கு கழித்தலும் பெருக்கலும் மட்டுமே. தாளில் இருக்கும் இரண்டு கோடுகளைப் பார்த்து, அங்கே சுவர் எப்படித் திரும்புகிறது என்று மனக்கண்ணில் காண்பதில்தான் சிரமம். சைட்டில் சுவர் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து நேராக வருகிற பையனை விட உங்களுக்கு இது சுலபம்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த டிகிரியில் மாணவர்கள் திணறுவதை நான் அதிகம் பார்த்திருப்பது வாசிப்பிலும் எழுத்திலும்தான். விதியை வரிவரியாகப் படிப்பது, ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தை இன்னொன்றோடு சேர்த்துப் பொருள் காண்பது, ஒரு வேலையை நான்கு வரியில் ஐயத்துக்கு இடமில்லாமல் விவரிப்பது. பாதிப் படிப்பு இதுதான் என்று சொன்னால் மிகை இல்லை.

பூச்சு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரின் இரண்டு பக்கமும் பூச வேண்டும். நடுவில் ஒரு ஜன்னல், 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர், பரப்பு 1.8 சதுர மீட்டர். பூச்சு அளவில் அந்த ஜன்னலுக்காக எவ்வளவு கழிப்பீர்கள்? இரண்டு பக்கமும் பூச்சு இல்லையே, 3.6 கழிக்கலாம் என்று தோன்றும். இந்தியாவின் ஐஎஸ் 1200 அளவை விதிப்படி பார்த்தால், அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்கு ஒன்றுமே கழிக்கக் கூடாது. அரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஜன்னலின் பக்கவாட்டுத் தடிமனில் பூசுவதைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. மூன்றைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கழித்து, பக்கவாட்டைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். ஆக, இந்த ஜன்னலுக்கு 1.8 தான் கழிவு. இங்கிலாந்து வழியில் என்ஆர்எம் 2 விதிகளைப் பின்பற்றும் ஒப்பந்தத்தில் கழிவு வரம்பு வேறு, சேர்த்து அளக்க வேண்டியவையும் வேறு. ஜன்னல் அதே ஜன்னல்தான். பில்லில் வரும் எண்ணைத் தீர்மானிப்பது எந்த விதிப் புத்தகம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. மாதக் கடைசியில் உங்கள் சைட்டுக்கு வருகிறவர் உங்கள் பில்லில் சிவப்பு மையில் அடிப்பதில் பாதி இந்த மாதிரி விஷயமாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட விதி எதற்கு என்பதற்குத் தொழில் பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரே கட்டடத்துக்குப் போட்டி போடும் ஒவ்வொரு காண்ட்ராக்டரும் தனித்தனியாகப் படத்தை வைத்து அளவெடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே வேலையைச் செய்வது வீண் என்று, சேர்ந்து ஒருவரை வைத்து அளவெடுக்கச் சொல்லி, அந்தக் கூலியை டெண்டரில் ஜெயிக்கிறவர் தருவதாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்புறம் கட்டடம் கட்டுகிற முதலாளியே அந்த ஆளை நியமிக்க ஆரம்பித்தார். எல்லோரும் ஒரே அளவுப் பட்டியலுக்கு (வேலைகளையும் அவற்றின் அளவையும் வரிவரியாக எழுதிய பட்டியல்) விலை போடுகிறார்கள் என்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டுமே! அதற்காகத்தான் 1922-இல் அங்கே முதல் பொது அளவை விதி வெளியானது. இன்றைக்குப் புழங்கும் பல நாட்டு விதிகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

விவரிப்பு என்றேன் அல்லவா, அதையும் பார்த்துவிடுவோம். அஸ்திவாரத்தில் போடும் கான்கிரீட்டும், எட்டாவது மாடித் தூணில் போடும் கான்கிரீட்டும் ஒரே கலவையாக இருக்கலாம். கன மீட்டர் கணக்கில் இரண்டையும் கூட்டி ஒரே வரியில் எழுதிவிட்டால், விலை போடுகிறவர் என்ன செய்வார்? குழிக்குள் லாரியிலிருந்து நேராகக் கொட்டுவதற்கு ஒரு செலவு; பம்ப் வைத்து மேலே ஏற்றி, ஒடுக்கமான தூணுக்குள் கம்பிகளுக்கு நடுவே இறக்கி வைப்ரேட்டர் போடுவதற்கு வேறொரு செலவு. சேர்த்து எழுதினால் அவர் குத்துமதிப்பாக ஒரு சராசரியைப் போடுவார். பிறகு நடுவில் டிசைன் மாறி தூண் மட்டும் இரட்டிப்பானால் சண்டை அங்கேதான் தொடங்கும். எதை எதோடு சேர்க்கலாம், எதைப் பிரிக்க வேண்டும் என்று தெரிவதற்கு வேலை நடக்கும் விதம் தெரிய வேண்டும். அதனால்தான் கட்டுமானத் தொழில்நுட்பம் எல்லா வருடத்திலும் பாடமாக வருகிறது. மண் தோண்டுவதும் இப்படித்தான். 100 கன மீட்டர் குழி என்றால் அளவுப் பட்டியலில் 100 தான், வெட்டியதும் மண் உப்பி அதைவிட அதிகமாக லாரியில் ஏறினாலும். அந்தக் கூடுதலை விலை போடுகிறவர் தன் ரேட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சைட்டில் லாரி டிரிப்பை எண்ணிப் பழகியவர்களுக்கு முதலில் இது அநியாயமாகத் தோன்றும்.

அடுத்தது ஒப்பந்தச் சட்டம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ஆனால் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுக்கப் பெரிய வேலைகளில் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பில் ஒரு ஷரத்து. காண்ட்ராக்டருக்குக் கூடுதல் காலமோ பணமோ கிடைக்க வேண்டிய ஒரு காரணம் ஏற்பட்டால், அது தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தவறினால் கேட்கும் உரிமை போயிற்று. "தெரிந்திருக்க வேண்டிய" என்ற சொற்களை மேலோட்டமாகப் படித்துத் தாண்டியவர்கள் நிறையப் பேர். அதே புத்தகத்தில், ஒரு ஐட்டத்தின் அளவு பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் புது ரேட் கேட்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அங்கே நான்கு நிபந்தனை இருக்கிறது: பத்து சதவீதத்துக்கு மேல் மாற வேண்டும்; அளவில் கூடிய அல்லது குறைந்த பகுதியை ரேட்டால் பெருக்கினால் மொத்த ஒப்பந்தத் தொகையில் 0.01 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அந்த மாற்றத்தாலேயே ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு ஒரு சதவீதத்துக்கு மேல் மாற வேண்டும். அந்த ஐட்டம் நிலையான ரேட் என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படாததாக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான். தேர்வில் முதல் ஒன்றை மட்டும் எழுதுகிற மாணவருக்கு மதிப்பெண் போகும். வேலையில் அப்படிச் செய்கிறவருக்குக் கிளைம், அதாவது கூடுதல் பணம் கேட்கும் கோரிக்கை, போகும்.

எழுத்துக்கு வருகிறேன். உங்கள் சைட் டைரியை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். மழை பெய்த ஒரு நாளில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "மழை. வேலை நடக்கவில்லை" என்று இருந்தால் ஆறு மாதம் கழித்து அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. "காலை 10.20 முதல் 1.45 வரை மழை. கிழக்குப் பக்கக் குழியில் முழங்கால் அளவு நீர். ஒரு பம்ப் ஓடியது. கம்பி கட்டும் 14 பேர் காத்திருந்தனர்; மேற்குப் பக்கம் கொத்து வேலை 2.30-க்குத் தொடங்கியது" என்று இருந்தால், அது எந்தக் கிளைமுக்கும் முதுகெலும்பு. நாளைக்கே இப்படி எழுதத் தொடங்குங்கள். டிகிரியில் இதற்கென்று தனித் தாள் கிடையாது. ஆனால் தாமதம், கூடுதல் செலவு பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது யாரெல்லாம் இப்படிப் பழகியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

மற்ற பாடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செலவுத் திட்டமிடல் என்று ஒன்று வரும்: படம் முழுசாக வரையப்படும் முன்பே, அஸ்திவாரம், சட்டகம், கூரை, உள்வேலை என்று பகுதி பகுதியாகப் பட்ஜெட் போடுவது. கட்டடத்தின் ஆயுட்காலச் செலவைக் கணக்கிடுவதும் வரும். பத்து வருடம் கழித்துச் செய்ய வேண்டிய 1000 ரூபாய்ச் செலவு, எட்டு சதவீத வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்பில் சுமார் 463 ரூபாய் என்பது போல. இந்தப் படிப்பின் "பெரிய" கணக்கு அதுதான், கால்குலேட்டரில் ஒரு நிமிடம். கணக்குப் பதிவியல், கொள்முதல் முறைகள், திட்ட மேலாண்மை எல்லாம் படித்தால் வந்துவிடும். மின்சாரம், குழாய், ஏசி, தீயணைப்பு, லிஃப்ட் பற்றிய கட்டடச் சேவைகள் பாடத்தை மட்டும் பாஸ் ஆனால் போதும் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவமனை மாதிரிக் கட்டடத்தில் பணத்தில் பெரிய பங்கு அந்தக் குழாய்க்குள்ளும் வயருக்குள்ளும்தான் போகிறது. அதை ஒழுங்காக அளக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் குறைவு, அவர்களுக்கு வேலை எப்போதும் இருக்கும்.

சிவிலா, இதுவா? இரண்டும் ஒரே சைட்டில் நிற்கும் வேறு வேறு வேலைகள். தூண் எவ்வளவு பெரிதாக இருந்தால் சுமையைத் தாங்கும் என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் சிவிலுக்குப் போங்கள். அங்கே கால்குலஸ் உண்டு, தப்ப முடியாது. அந்தத் தூணுக்கு யார், எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும், பாதியில் அது மாறினால் செலவு யார் தலையில் என்ற கேள்வி பிடித்தால் இங்கே வாருங்கள். எதுவும் நிச்சயமில்லை என்றால் சிவில் படித்துவிட்டு, குவாண்டிட்டி சர்வேயிங்கில் முதுகலை செய்து இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. சிவில் கதவு அகலமானது என்பது உண்மை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் கண் கம்பி கட்டும் இடத்தில் இல்லை, பில் சரிபார்க்கும் மேஜையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் நேராகவே வந்துவிடலாம்.

மென்பொருள் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. பிம் மாடல் (கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் விவரங்களோடு வரைந்தது) ஒழுங்காக இருந்தால், சுவர் எத்தனை சதுர மீட்டர், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்பதைக் கணினி சில நொடியில் கொட்டிவிடும். அளவெடுப்பதை மட்டுமே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது கெட்ட செய்திதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் மாடல், தன்னில் வரைந்ததை மட்டுமே எண்ணும். குழி தோண்டும்போது ஆள் நின்று வேலை செய்ய விடும் இடம், பக்கம் சரியாமல் கொடுக்கும் முட்டு, ஷட்டரிங், சாரம், நீர்க்காப்புத் தாளின் மேலேறும் மடிப்பு, தற்காலிக மின்சாரம், இவற்றைப் பெரும்பாலும் யாரும் மாடலில் வரைவதில்லை. இரண்டு சுவர் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரையப்பட்டிருந்தால், முன்பு சொன்ன மூலைக் கணக்கு மாதிரியே கணினியும் இரண்டு தடவை எண்ணிவிட்டு, மூன்று தசம ஸ்தானம் வரை துல்லியமாகத் தப்பு சொல்லும். அதைப் பார்த்ததும் "இது எங்கேயோ இடிக்கிறதே" என்று தோன்ற வேண்டும். அந்தச் சந்தேகம் கையால் அளந்து பழகியவருக்குத்தான் வரும். ஆகவே முதல் வருடத்தில் பழைய பாணி அளவுத் தாளில், எத்தனை தடவை, என்ன அளவு, பெருக்கிய விடை, எந்த வேலை, எந்தப் படத்தின் எந்த இடம் என்று பத்தி பத்தியாக எழுதச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து மென்பொருளும் கற்றே ஆக வேண்டும். எக்செல்லில் நல்ல கை இருப்பது இன்னும் முக்கியம். இதில் எதையும் சொல்லித்தராத துறை என்றால் யோசிக்க வேண்டும்.

முழுநேரமா, பகுதிநேரமா என்பதற்குப் பொதுப் பதில் கிடையாது, ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இப்போது பார்க்கும் வேலை ஆட்களை மேய்ப்பதும் பொருளை எண்ணி வைப்பதுமாகவே இருந்தால், அதை வைத்துக்கொண்டு பகுதிநேரம் படிப்பதில் பெரிய லாபம் இல்லை, உடம்புதான் சோரும். அதே கம்பெனியில் பில்லிங் பிரிவுக்கோ டெண்டர் பிரிவுக்கோ மாற முடியுமா என்று கேளுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அங்கே உட்கார்ந்துவிட்டால் பகுதிநேரப் படிப்பைப் போல வேறு எதுவும் இல்லை: வகுப்பில் இடைக்கால மதிப்பீடு (அதுவரை முடிந்த வேலைக்கு மதிப்புப் போடுவது) பற்றிப் படித்துவிட்டு வந்து மறுநாள் உண்மையான பில்லில் ரீட்டென்ஷன் (பிறகு திருப்பித் தருவதாகப் பிடித்து வைக்கும் தொகை) பிடித்தது சரியா என்று பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு விட ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். வேலைப் பளு வந்ததும் முதலில் பறிபோவது அந்த ஒரு நாள்தான். மாற்றம் கிடைக்காது, வீட்டுச் செலவையும் சமாளிக்கலாம் என்றால் முழுநேரமே நல்லது. அப்போது நடுவில் ஒரு வருடமோ, சில மாதங்களோ, பயிற்சிக்கு வெளியே அனுப்புகிற பாடத்திட்டமாகத் தேடுங்கள். டிப்ளமோவுக்காக நேராக இரண்டாம் வருடத்தில் சேர்க்கச் சில இடங்களில் வழி உண்டு. ஆசைப்பட்டு உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் வருடத்தில் அவர்கள் சொல்லித்தந்த அளவை விதி உங்கள் டிப்ளமோவில் வந்ததா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அங்கீகாரம். பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம். உங்களைத் தொழில் செய்யத் தகுதியானவர் என்று சொல்வது அந்தத் தொழிலுக்கென்று உள்ள வேறு அமைப்பு. 1868-இல் லண்டனில் தொடங்கிய, சர்வேயர்களின் அமைப்பான ஆர்ஐசிஎஸ் அவற்றில் பல நாடுகளில் பரவியது; பல நாடுகளுக்குச் சொந்த அமைப்புகளும் உண்டு. மலேசியா போன்ற சில நாடுகளில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, பதிவு செய்யாமல் அந்தப் பட்டப்பெயரில் தொழில் நடத்த முடியாது. அங்கீகாரம் பெற்ற பட்டம் கையில் இருந்தால் உறுப்பினராகும் பாதை குறுகும். ஆர்ஐசிஎஸ்ஸில் என்றால், அனுபவம் அதிகமில்லாத பட்டதாரிக்கு வழக்கமாக 24 மாத முறையான பயிற்சி, அப்புறம் தான் செய்த ஒரு வேலையைப் பற்றி 3000 சொல் அறிக்கை, கடைசியில் ஒரு மணி நேர நேர்காணல். அந்த நேர்காணலில் தொழில் நெறி பற்றிய கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் தோற்கலாம். அது நியாயம்தான். செய்யாத வேலைக்கு மதிப்பீட்டில் பணம் ஏற்றிவிட்டு, காண்ட்ராக்டர் பாதியில் கைவிட்டுப் போனால் முதலாளி தெருவுக்கு வருவார். செய்த வேலையைக் குறைத்துப் போட்டால் காண்ட்ராக்டரின் கூலியாட்களுக்கு அந்த வாரம் சம்பளம் வராது. மாதக் கடைசியில் அந்த மேஜையில் உட்காருகிறவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அழுத்தம் உண்டு, முதல் வேலையிலேயே.

அங்கீகாரத்தைக் கல்லூரியின் விளம்பரத் தாளில் பார்க்காதீர்கள். அந்தந்த அமைப்பு தானே வெளியிடும் பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே பாடப்பிரிவு, அதே முறை, அதே சேர்க்கை ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். முழுநேரப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்து பகுதிநேரத்துக்கு இல்லாமல் போவதுண்டு. எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறீர்களோ அங்கே எந்த அமைப்புக்கு மதிப்பு என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கடைசியாக, இந்தச் சில மாதங்கள். தடித் தடியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். உங்கள் சைட்டிலேயே ஒரு காவலர் அறை, பம்ப் அறை மாதிரி ஒரு மாடிகூட இல்லாத சின்னக் கட்டடத்தின் முழு டிராயிங் செட் கிடைக்கும். அனுமதி கேட்டு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மண் வேலையிலிருந்து தளம் வரைக்கும் மட்டும், கையால், கணினி இல்லாமல் அளந்து பாருங்கள். கம்பியை எடைக்கு மாற்ற, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58. முடித்ததும் அந்த வேலைக்குக் கம்பெனி வைத்திருக்கும் அளவுப் பட்டியலை வாங்கி வரிவரியாக ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகிறதா என்பதைவிட, அவர்கள் தனி வரியாக வைத்து நீங்கள் விட்டுவிட்ட வேலைகள் என்னென்ன என்று பாருங்கள்.

அடுத்து உங்கள் சைட்டின் ஒப்பந்தம். முழுதும் காட்ட மாட்டார்கள், பொது நிபந்தனைகளைக் காட்டலாம். அதில் அளவை விதி எது, பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வர வேண்டும், ரீட்டென்ஷன் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு என்ன பிடித்தம், வேலையை மாற்றச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்று தேடி, உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். பில் சரிபார்க்க வருகிறவரிடம் அதைக் காட்டி, தப்பு இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். நல்ல மனிதராகத்தான் இருப்பார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது பிடிக்கும்.

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒருமுறை நேரில் போய், போன வருடம் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்த அளவெடுப்புப் பயிற்சி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதைத் திருத்திக் கொடுத்தது யார், அவர் எங்கேயாவது சைட்டில் வேலை பார்த்தவரா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரடியாகப் பதில் கிடைக்காத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.